ரப்பர் காட்டில் ஒரு விண்வெளிக் கதை

1963-இல் வந்த ‘கலை அரசி’ படத்தை அறிவீர்களா? இசைக்காகப் பானுமதியை வேற்றுலகத்தார் கொண்டு செல்ல, எம்.ஜி.ஆர். விண்வெளிக்கே போவார். மனிதன் நிலவில் கால் வைத்ததோ 1969-இல்தான்!

பின்னாளில், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திரம் உருவாக்கியதில் பங்கு கொண்ட பொறியாளர் சுஜாதா, ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாயைப் பேச வைத்தார்.

நெகிரி செம்பிலானில், எங்கள் தோட்டப் பள்ளியில் அந்தக் கதையைச் சொன்னேன். மறுநாளே ஒரு மாணவன், பால் வெட்டும் இயந்திரத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்தான். முடிவு மட்டும் இல்லை.

“இயந்திரம் வந்தால் அம்மாவுக்கு வேலை இருக்குமா, சார்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. “அதையே எழுது” என்றேன்.

பெற்றோர்களே, கதைப் புத்தகமும் கையுமாக இருக்கும் பிள்ளையை ஏசாதீர்கள். நாளைய கவலையை இன்றே நினைத்துப் பார்க்கிறவன் அவன்!