சான்றிதழ் இல்லாத பொறியியலாளர்கள்

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்கள் ஜாம் போத்தல் விளக்கை மறந்திருக்க மாட்டார்கள். பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அரிதாகிப் போன காலம் அது. போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சிறு திரியின் ஒளியில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். இவற்றை எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியும் எமக்குக் கற்றுத் தரவில்லை. தேவை கற்றுத் தந்தது. கண் பார்த்ததைக் கை செய்தது.

அதே மக்கள் இன்று வேலை தேடிச் சென்றால், முதலில் எழும் கேள்வி "ஓ. எல். சித்தியா?" என்பதுதான். இடம்பெயர்வில் படிப்பைத் தொலைத்தவர்களும், தனித்து நின்று குடும்பத்தைச் சுமக்கும் பெண்களும் இக்கேள்வியின் முன் தலைகுனிந்து நிற்கிறார்கள். சூரிய மின்சாரம் போன்ற புதிய துறைகளிலாவது இவர்களுக்கு இடம் கிடைக்குமா? கிடைக்கும் என்று இந்தியாவின் வறண்ட கிராமமொன்று செய்து காட்டியிருக்கிறது.

திலோனியாவின் அம்மம்மாமார்

ராஜஸ்தான் மாநிலத்தின் அஜ்மீர் மாவட்டத்தில் திலோனியா என்னும் கிராமம் உள்ளது. அங்கு 1972ஆம் ஆண்டு பங்கர் ரோய் என்பவர் தொடங்கிய நிறுவனம் 'வெறுங்கால் கல்லூரி' என்று அறியப்படுகிறது. எழுத வாசிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களை அது சூரிய மின் பொறியியலாளர்களாகப் பயிற்றுவிக்கிறது. ஆபிரிக்க நாடுகளிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும்கூடப் பெண்கள் அங்கு வந்து கற்றிருக்கிறார்கள். பலர் பேரப்பிள்ளை கண்டவர்கள்.

பயிற்சி ஆறு மாதம். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆகவே பாகங்களை நிறத்தாலும் இலக்கத்தாலும் அடையாளம் காண்கிறார்கள், கைச்சாடையால் பேசிக்கொள்கிறார்கள், செய்து செய்தே பழகுகிறார்கள். ஈயம் உருக்கிப் பற்றவைக்கவும், பற்றரிக்கு மின் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் கருவியைச் செய்யவும், கூரையில் சூரியத் தகடு பூட்டவும், பழுது பார்க்கவும் கற்றுக்கொள்கிறார்கள். கற்பிப்பவர்களும் பெரும் பட்டதாரிகள் அல்லர். முன்னர் அவ்வாறே கற்றுத் தேர்ந்த கிராமத்தவர்கள்தான்.

ஏன் வயது வந்த பெண்கள்? அந்த நிறுவனம் அனுபவத்தால் கண்ட காரணம் இது: இளைஞர் கையில் சான்றிதழ் கிடைத்ததும் பட்டணம் போய்விடுகிறார்கள். பேரப்பிள்ளை உள்ள பெண் ஊரை விட்டுப் போவதில்லை. ஆகவே அங்கு சான்றிதழே கொடுப்பதில்லை. விளக்கு எரிகிறதா என்பதே பரீட்சை.

பயிற்சிக்கு முன்பே சம்பளம்

இதைவிட முக்கியமானது பயிற்சிக்கு முன் நடப்பது. முதலில் ஊர் கூடிப் பேசுகிறது. மண்ணெண்ணெய்க்கும் மெழுகுதிரிக்கும் ரோர்ச் பற்றரிக்கும் மாதாமாதம் செலவிடும் பணத்துக்கு ஏற்ப ஒரு தொகையைச் செலுத்த ஒவ்வொரு வீடும் உடன்படுகிறது. ஊர்க்குழு பெண்ணைத் தெரிவு செய்கிறது. அவர் திரும்பி வந்ததும் அந்தப் பணத்திலிருந்தே அவருக்கு மாதச் சம்பளம். வேலை என்ன, கூலி எவ்வளவு, கொடுப்பவர் யார் என்பதெல்லாம் முடிவான பின்னரே பயணம்.

தடைகள் இல்லாமல் இல்லை. ஜோர்தான் பாலைநிலத்திலிருந்து வந்த ஒரு தாயை, பிள்ளைகளைப் பறித்துவிடுவேன் என மிரட்டிக் கணவர் இடைநடுவில் திருப்பி அழைத்தார். அவர் வீடு சென்று, வாதாடி, மீண்டும் வந்து பயிற்சியை முடித்தார். 2012இல் அவர் கதை ஆவணப்படமாக வெளிவந்தது. பாடம் அவருக்குக் கடினமாயிருக்கவில்லை. வீட்டு வாசலைத் தாண்டுவதுதான் கடினமாயிருந்தது.

நாம் விட்ட தவறு

முகாம்களிலும் மீள்குடியேறிய கிராமங்களிலும் எத்தனையோ பயிற்சிகள் நடந்தன. நாமும் அவற்றை நடத்தியவர்கள்தாம். ஓர் ஊரிலேயே இருபது பெண்களுக்குத் தையல் பழக்கினோம். தைப்பிக்க வருபவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கவில்லை. சான்றிதழ் சுவரில் தொங்கியது. இயந்திரம் மூலையில் கிடந்தது. கற்றவர்கள் மீது பிழையில்லை. வேலையை எண்ணாமல் வகுப்பை மட்டும் எண்ணிய எம்மீதுதான் பிழை.

திலோனியாவை அப்படியே இங்கு கொண்டுவர முடியாது. எமது ஊர்களில் பெரும்பாலான வீடுகளுக்கு இன்று மின்சாரம் வந்துவிட்டது. இங்கு சூரிய வேலை என்பது கூரைத் தகடும் தோட்டக் கிணற்று நீரிறைக்கும் மோட்டாரும்தான். பொது மின்வழியோடு இணைக்கும் வேலை உயிராபத்து உள்ளது. முறையான பயிற்சியும் தகைமையும் இன்றி அதில் கைவைக்கலாகாது.

ஆனால் தகைமை பெறும் வாசல் ஓ. எல். ஒன்று மட்டுமல்ல. தேசிய தொழிற் தகைமை முறையில் (என்.வி.கியூ.) 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்றொரு வழி உண்டு. வகுப்புக்குப் போகாமல் வேலையிலேயே தொழில் பழகியவர், தன் திறமையை மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறலாம். வீடுகளுக்கு வயரிங் செய்யும் தம்பிமாரும், மோட்டார் திருத்தும் அண்ணன்மாரும் பிரதேச செயலகத்தில் இதுபற்றி விசாரித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை யாரேனும் பயிற்சி என்று வந்தால், அது நாமாக இருந்தாலும், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முடிந்ததும் வேலை தருபவர் யார்? ஆட்களைத் தெரிவு செய்வது ஊரா, வெளியாரா? பிள்ளையைப் பார்க்க ஆளில்லாத தாய் எப்படி வருவாள்? மூன்றுக்கும் பதில் கிடைத்த பின் பெயரைக் கொடுங்கள்.