ரோல் பாருக்கு எந்தக் குழாய்?

கோயம்புத்தூர்லேருந்து ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். துணிக்கூரை போட்ட மாருதி ஜிப்ஸி வெச்சிருக்கார். வாரநாள்ல அதுலதான் ஆபீஸ் போறார், ஞாயித்துக்கிழமை ஆனா மலைப்பக்கம், சேறு, பாறை. ரோல் பார் போடலாம்னு மூணு பட்டறையில கேட்டிருக்கார். முதல் பட்டறை, "ஜி.ஐ. பைப் போதும் சார், நல்லா கனமா இருக்கும்." ரெண்டாவது, "ஈ.ஆர்.டபிள்யூ. போட்டுக்கலாம், எல்லாரும் அதான் போடுறாங்க." மூணாவது, "குரோமோலி இல்லாம ரோல் பார் போடுறது வேஸ்ட்." இதுல யார் சொல்றது சரின்னு கேட்டிருந்தார்.

என் பதில், மூணும் வேண்டாம். ஏன்னு சொல்றேன்.

ரோல் பாரோட வேலை என்ன? வண்டி தலைகீழா விழும்போது சுமார் ஒரு டன் எடை, அதுவும் வேகத்தோட, அந்த வளைவு மேல வந்து இறங்கும். அப்போ குழாய் உங்க தலைக்கு மேல இருக்கிற இடத்தைக் காப்பாத்தணும். ரொம்ப அடி விழுந்தா வளையலாம். ஆனா ஒடையவோ, வெல்டு கிட்ட பிளக்கவோ கூடாது. அதாவது பலமும் வேணும், கிழியாம வளையுற குணமும் வேணும். ரெண்டும் சேர்ந்து இருக்கணும்கிறதுதான் இங்க விஷயம்.

ஜி.ஐ. பைப்பை முதல்லயே ஒதுக்கிடலாம். அது தண்ணி போறதுக்குச் செஞ்சது. உள்ளே அழுத்தம் தாங்கும்னுதான் சோதிச்சு விக்கிறாங்க, தலைகீழா விழுற வண்டியைத் தாங்கும்னு இல்லை. ஒன்றரை இஞ்ச் பைப்னு கேட்டா வெளிவிட்டம் 48.3 மி.மீ. வரும், ஏன்னா அந்த ஒன்றரை இஞ்ச் உள்ளே இருக்கிற துவாரத்தோட கணக்கு. மேல பூசின துத்தநாகம் வெல்டுல கலந்தா குமிழி குமிழியா ஓட்டை விழும். போதாததுக்கு அந்தப் புகை வெல்டருக்கும் கெடுதல். கனமா இருக்குங்கிறது ஒரு தகுதியே இல்லைங்க.

அடுத்தது ஈ.ஆர்.டபிள்யூ. இரும்புத் தகட்டை உருட்டி, ரெண்டு விளிம்பையும் மின்சாரத்தால சூடாக்கி அழுத்தி ஒட்டுற குழாய் இது. கட்டில், கேட், பஸ் கைப்பிடி எல்லாம் இதுலதான் செய்யறாங்க. அந்த வேலைக்கு நல்ல குழாய்தான். ஆனா நீளம் முழுக்க ஒரு தையல் ஓடுது, ரோல் பாரை வளைக்கும்போது அந்தத் தையல் எந்தப் பக்கம் வருதுன்னு யாரும் பார்க்கிறதில்லை.

இதே ஈ.ஆர்.டபிள்யூ. குழாயை எடுத்து, உள்ளே ஒரு தண்டைக் கொடுத்து, சூடாக்காம ஒரு அச்சு வழியா இழுத்தா கிடைக்கிறது சி.டி.டபிள்யூ. அமெரிக்காவுல டி.ஓ.எம்.னு சொல்றது இதைத்தான். இழுக்கும்போது சுவர் எல்லாப் பக்கமும் ஒரே தடிமனுக்கு வருது, தையல் பகுதியும் நசுங்கி ஒண்ணாகுது, இரும்பும் இறுகுது. நிரந்தரமா வளைய ஆரம்பிக்கிற அளவு சாதா ஈ.ஆர்.டபிள்யூ.வை விட நல்லாவே கூடும். இதுக்காக வெளிநாட்டுக்கு ஆர்டர் போட வேண்டாம். வாகனக் குழாய்களுக்குன்னே ஐ.எஸ். 3074ன்னு இந்தியத் தரம் இருக்கு, சி.டி.டபிள்யூ. குழாய் நம்ம ஆவடியிலேயே தயாராகுது. இதுக்கும் மேல தையலே இல்லாத சீம்லெஸ் குழாய். போட்டிக்குப் போறதா இருந்தா எஃப்.ஐ.ஏ. கேக்கிறது குளிர்ல இழுத்த சீம்லெஸ் கார்பன் ஸ்டீல், கார்பன் 0.3 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. தெருவுல ஓட்டுற ஜிப்ஸிக்கு ரெண்டுல எது கிடைச்சாலும் சரி.

இப்போ குரோமோலிக்கு வருவோம். 4130ன்னு சொல்ற அந்த உலோகத்துல குறை ஒண்ணும் இல்லை, சாதா இரும்பை விட பலம் அதிகம்தான். ஆனா ஒரு விஷயத்தை யாரும் சொல்றதில்லை. எஃகு எந்த ரகமா இருந்தாலும் விறைப்பு கிட்டத்தட்ட ஒண்ணுதான். பள்ளிக்கூடத்துல படிச்ச யங் குணகம் ஞாபகம் இருக்கா? அது ரகத்துக்கு ரகம் பெருசா மாறாது. விறைப்பை முடிவு பண்றது விட்டமும் தடிமனும்தான்.

அமெரிக்க டிராக் பந்தய விதியையே எடுத்துப்போமே. 44.45 மி.மீ. ரோல் பாருக்கு சாதா இரும்புன்னா சுவர் 3 மி.மீ., குரோமோலின்னா 2.1 மி.மீ. போதும். கணக்குப் போட்டா மீட்டருக்கு 3.07 கிலோ, 2.2 கிலோ. ஆறு மீட்டர் குழாய்க்கு அஞ்சு கிலோ மிச்சம். பந்தயத்துல அது பெருசு, ஜிப்ஸியில பின்னாடி கெடக்கிற டூல் பாக்ஸ் எடை. அந்த அஞ்சு கிலோவுக்கு மெல்லிசான குரோமோலி பார் கால்வாசி விறைப்பை இழக்குது.

அதை விடப் பெரிய சிக்கல் வெல்டிங். குரோமோலி வெல்டு பக்கத்துல சூடாகி ஆறும்போது கெட்டியாகும், முறியற தன்மை வரும். சரியான ஃபில்லர் கம்பியோட, பொறுமையா டிக் வெல்டிங் பண்ணி, தானா ஆற விடணும். தண்ணி ஊத்தி ஆத்துற பட்டறைன்னா கெட்டது கதை. சாதாக் குழாயை நல்ல மிக் வெல்டர் தைரியமா செய்வார். அதுலயும் வெல்டு ஓரத்துல குளிர்ல இழுத்து வந்த பலம் கொஞ்சம் குறையும், ஆனா அந்த இடம் மென்மையாகுமே தவிர முறியாது. நமக்குத் தேவை அதுதான்.

அளவு? எஃப்.ஐ.ஏ. பிரதான வளைவுக்கு 45 x 2.5 அல்லது 50 x 2 மி.மீ.ன்னு சொல்லுது. 50 x 2 சுமார் பத்து சதவீதம் எடை குறைவு, விறைப்பு பதினஞ்சு சதவீதம் கூட. நான் ஜிப்ஸிக்கு 45 x 2.5 தான் சொல்லுவேன். மெல்லிய சுவர் பாறையில பட்டா சுலபமா ஒடுங்கும், வெல்டுலயும் ஓட்டை விழ வாய்ப்பு அதிகம். பின்பக்கத் தாங்கு குழாய்களுக்கு 38 x 2.5.

வளைக்கிறது முக்கியம். வளைவின் ஆரம் குழாய் விட்டத்துல மூணு மடங்குக்குக் குறையக் கூடாது. வளைஞ்ச இடத்துல வெர்னியர் வெச்சுப் பாருங்க, குறுக்களவு நீளளவுல 90 சதவீதமாவது இருக்கணும். உள்பக்கம் சுருக்கம் விழுந்திருந்தா அந்தக் குழாயை வாங்காதீங்க. மணலை அடைச்சு, சூடாக்கி வளைக்கிறோம்னு சொன்னா, இடத்தைக் காலி பண்ணுங்க.

காலுக்கு வருவோம், எனக்குக் குழாயை விட இதுதான் கவலை. என்ன குழாய் போட்டாலும் அடியில இருக்கிறது மெல்லிய தரைத்தகடு. தகடு கிழிஞ்சு கால் கீழே இறங்கிட்டா குரோமோலியா ஜி.ஐ.யான்னு பேசி என்ன பிரயோஜனம்? பிரதான வளைவோட ஒவ்வொரு காலுக்கும் கீழே 3 மி.மீ. தகடு, 120 சதுர செ.மீ. பரப்பு, 8.8 தர எம்8 போல்ட் மூணு. இது குறைந்தபட்சம். ஜிப்ஸியில பாடி, சேசிஸ் மேல ரப்பர்ல உக்காந்திருக்கு. அதனால ஒரு காலை பாடியிலயும் இன்னொண்ணை சேசிஸ்லயும் கலந்து மாட்டாதீங்க, ரெண்டும் தனித்தனியா அசையும்.

அடுத்தது தலை. தெருவுல நீங்க ஹெல்மெட் போட மாட்டீங்க. சின்ன மோதல்ல கூட தலை பின்னாடி போய் அந்த இரும்புல இடிச்சா, உங்களைக் காப்பாத்த வெச்சதே உங்களைக் கொல்லும். பார் சீட்டுக்குப் பின்னாடி நல்லாத் தள்ளி இருக்கணும், தலை எட்டுற இடத்துல எஸ்.எஃப்.ஐ. 45.1 தர அடர்த்தியான பேடிங் வேணும். ஏ.சி. பைப்புக்குச் சுத்துற கறுப்பு ஸ்பாஞ்ச் வெறும் அலங்காரம். உயரம் போதுமான்னு பார்க்க ஒட்டடைக் குச்சி போதும். பாரோட உச்சியிலேருந்து பானெட்டோட முன்பக்கம் வரைக்கும் வையுங்க, உக்காந்திருக்கிற உங்க தலை அதுக்குக் கீழே இருக்கணும். கண்ணாடிச் சட்டம் தாங்கும்னு கணக்குல சேர்க்காதீங்க.

மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு வண்டியை மாத்துறதைப் பத்திப் பேசுது, அதனால வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ.கிட்டயும் இன்சூரன்ஸ்கிட்டயும் கேட்டுடுங்க.

கோயம்புத்தூர் நண்பரே, கடையில கேக்கும்போது "ரோல் பார் பைப்"னு கேக்காதீங்க. "ஐ.எஸ். 3074, சி.டி.டபிள்யூ., 45 x 2.5, மில் டெஸ்ட் சர்டிஃபிகேட்டோட"ன்னு கேளுங்க. சர்டிஃபிகேட் இல்லைன்னா வேற கடை பாருங்க. வேலை முடிஞ்சதும் பளு அதிகம் வராத ஒரு இடத்துல 5 மி.மீ. துளை போடச் சொல்லி, சுவர் தடிமனை நீங்களே அளந்து பார்த்துட்டு மிச்சப் பணத்தைக் கொடுங்க.