சம்மணம் போட முடியாத என் மகள்

எங்கள் இருக்கன்குடியில் ஆடி கடைசி வெள்ளி வந்தால் சாலை முழுக்க நடந்து வருகிற ஜனங்கள்தான். கை வலி, கால் வலி என்று நேர்ந்துகொண்டு, வெள்ளித் தகட்டில் கால் உருவம் வாங்கி மாரியம்மன் உண்டியலில் போடுகிறவர்கள் எத்தனையோ பேர். நானும் மூன்று முறை போட்டிருக்கிறேன். எல்லாம் என் சின்னவளுக்காக.

நடக்கப் பழகிய நாளிலிருந்தே அவளுக்கு இரண்டு பாதமும் உள்பக்கம் திரும்பியே இருக்கும். ஓடினால் தன் காலே தடுக்கி விழுவாள். முழங்காலில் புண் ஆறாத நாள் கிடையாது. உட்காரும்போது முழங்கால்களை முன்னால் ஒட்டிவைத்து, பாதங்களை இரண்டு பக்கமும் விரித்துத் தவளை மாதிரி உட்காருவாள். பந்தியில் சம்மணம் போட மட்டும் வராது. வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்துத் தொடையில் கிள்ளியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

அத்தை தினமும் விளக்கெண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள். யாரோ சொன்னார்கள் என்று என் தோட்டை அடகு வைத்துக் கம்பி வைத்த பூட்ஸ் செய்து வாங்கினோம். ராத்திரியெல்லாம் அதை மாட்டிக்கொண்டு பிள்ளை அழுத அழுகை! என் வீட்டுக்காரருக்குப் பட்டாசு ஆலையில் கூலி வேலை. அந்தத் தோடு திரும்பவே இல்லை.

அவளுக்கு ஐந்து வயதில் மதுரைக்குக் கூட்டிப்போனோம். அப்போது விருதுநகரில் மருத்துவக் கல்லூரி இல்லை, 2022-ல்தான் வந்தது. மதுரை டாக்டர் முதலில் பூட்ஸைக் கழற்றச் சொன்னார். பிறகு பொறுமையாக விளக்கினார்.

துணியைப் பிழியும்போது முறுக்குகிறோமே, அந்த மாதிரி தொடை எலும்பிலேயே ஒரு முறுக்கு உண்டாம். பிறக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் சுமார் 40 டிகிரி இருக்கும். வளர வளரத் தானாகக் குறைந்து, பெரியவர்களுக்கு 15 டிகிரி அளவில் நின்றுவிடும். அதனால் எட்டு, பத்து வயது வரை பொறுக்கலாம். அமெரிக்காவில் ஸ்டாஹெலி என்ற டாக்டர் 1985-ல் ஆயிரம் கால்களை அளந்து, எந்த வயதில் எவ்வளவு திருப்பம் இயல்பு என்று கணக்கு எழுதிவைத்திருக்கிறாராம். பூட்ஸும் கம்பியும் எலும்பைத் திருப்புவதில்லை என்று டாக்டர் அடித்துச் சொன்னார். தவளை மாதிரி உட்காருவதால் எலும்பு திருகவில்லையாம், திருகியிருப்பதால்தான் அப்படி உட்கார அவளுக்குச் சுகமாக இருக்கிறதாம். கிள்ளிய கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

என் தங்கை மகனுக்கும் பாதம் உள்நோக்கித்தான் இருந்தது. ஆனால் முழங்கால் சில்லு நேராகப் பார்க்கும், அவனுக்குக் கணுக்காலுக்கு மேலே கீழ்க்கால் எலும்பில் முறுக்கு. நாலு வயதுக்குள் சரியாகிவிட்டது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இப்படித்தான். ஆனால் ஒரு கால் மட்டும் திரும்பியிருந்தாலோ, வலியோ நொண்டலோ இருந்தாலோ, வரவர அதிகமானாலோ காத்திருக்கக் கூடாது சகோதரிகளே. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வருகிற மருத்துவக் குழுவிடமே காட்டலாம்.

என் மகளுக்குப் பதினோரு வயதாகியும் மாறவில்லை. முழங்கால் வலி வேறு. பள்ளியில் வாத்து என்று பட்டப்பெயர். டாக்டர் அவளைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கிப் பாதங்களை வெளிப்பக்கம் சாய்த்தார். ஏறக்குறைய கட்டிலைத் தொட்டன. உள்பக்கம் சாய்த்தால் கொஞ்சம்தான் போனது. ஸ்கேனில் 50 டிகிரிக்கு மேல் காட்டியது. ஆபரேஷன் என்றார்.

“பொம்பளைப் பிள்ளை எலும்பை அறுத்துத் திருப்புறதா? நாளைக்கு எவன் கட்டுவான்?” என்று அத்தை மூன்று நாள் சோறு தின்னவில்லை. எனக்கும் உள்ளூர நடுக்கம்தான். தொடை எலும்பைக் குறுக்கே வெட்டி, வேண்டிய அளவு வெளிப்பக்கம் திருப்பி, தகடும் திருகாணியும் வைத்து நிறுத்துவார்கள். சீழ் பிடிக்கலாம், எலும்பு சேர நாளாகலாம், அளவு கொஞ்சம் முன்பின் ஆகலாம் என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. கடைசியில் மகளே சொன்னாள்: “அம்மா, எனக்கு விழாம ஓடணும்.”

இரண்டு காலிலும் ஒரே நாளில் செய்தார்கள். ஒன்றரை மாதம் ஊன்றவிடவில்லை. மலம், மூத்திரம் எல்லாம் படுக்கையில்தான். வயதுக்கு வரப்போகிற பிள்ளை கூச்சப்பட்டுச் சாப்பாட்டையே குறைத்துக்கொண்டாள். அத்தைதான் அருகிலேயே கிடந்து, கேப்பைக் கூழும் முட்டையுமாக ஊட்டினார்கள். பிறகு வாக்கர், பயிற்சி. இடுப்புத் தசை பலம் பெறவே மாதக்கணக்கானது. நடை ஒரே நாளில் மாறிவிடவில்லை, பழைய பழக்கத்தில் பாதம் உள்ளே போகும். மறு வருஷம் தகட்டை எடுத்தார்கள். தொடையில் நீளத் தழும்பு இருக்கிறது.

இப்போது கல்லூரியில் படிக்கிறாள். போன ஆடியில் கோயில் வாசலில் பொங்கல் வைத்து இலை போட்டோம். மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்த அத்தையிடம், “அதில நீங்க உட்காருங்க அப்பத்தா” என்று சொல்லிவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.