முன்பாரம் பின்பாரம்: வீட்டு வண்டியை இழுக்கும் கொளுக்கி

அமெரிக்காவிலும் கனடாவிலும் கோடை விடுமுறை பிறந்துவிட்டால் நெடுஞ்சாலைகளிலே வீடுகள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியலறை யாவும் அமைந்த சிறிய வீடொன்றுக்குச் சில்லுகளைப் பூட்டி, அதனைத் தமது காரின் பின்னோ பிக்கப் வண்டியின் பின்னோ கொளுவிக்கொண்டு குடும்பத்தோடு புறப்பட்டுவிடுகிறார்கள். அலுமினியத் தகட்டால் ஆகாய விமானம் போன்ற உருவில் இவ்வண்டிகளைச் செய்து புகழ்பெற்ற 'எயர்ஸ்ட்ரீம்' நிறுவனத்தை வோலி பையம் என்பவர் 1930களில் நிறுவினார். ஒஹாயோ மாநிலத்தில் அது இன்றும் இயங்கி வருகின்றது. 'ட்ரவல் ரெயிலர்' என்பது அந்நாட்டார் வழங்கும் பெயர். நாம் வீட்டு வண்டி என்றே சொல்லிக்கொள்வோம்.

எம்மிடம் படித்து இப்பொழுது கனடாவிலே குடியிருக்கும் ஒருவர் அண்மையில் ஒரு மடல் எழுதியிருந்தார். மனைவியும் இரு பிள்ளைகளும் தாயாருமாக ஐவர் கொண்ட குடும்பம். வீட்டு வண்டி ஒன்றை வாங்கிவிட்டார். கடைக்காரர் "பாரம் பங்கிடும் கொளுக்கி" என்ற ஒன்றைக் காட்டி, இதைப் பூட்டிவிட்டால் உங்கள் கார் எதையும் இழுக்கும் என்றாராம். அது மெய்தானா, மெய்யாயின் பல வகைகளுள் எதைத் தெரிவது என்று கேட்டிருந்தார். கடைக்காரர் சொன்னது மெய்யன்று. முழுப் பொய்யும் அன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட இத்தகைய சொற்களே மனிதரை மிகுதியும் ஏமாற்றுகின்றன.

மாட்டு வண்டியில் நெல்மூடை ஏற்றிப் பழகியவருக்கு இதன் அடிப்படையை விளக்க வேண்டியதில்லை. மூடைகளை முன்னே தள்ளி அடுக்கினால் முன்பாரம் கூடி மாட்டின் பிடரியை அமுக்கும். பின்னே தள்ளினால் பின்பாரம் மிஞ்சி நுகம் மேலெழும். கழுத்துக் கயிறு மாட்டை நெரிக்கும். வீட்டு வண்டியிலும் இதே நியாயந்தான். அதன் ஏர்க்கால் காரின் பின்னேயுள்ள இரும்பு உருண்டையின்மேல் அமர்கின்றது. வண்டியின் முழு நிறையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு அவ்வுருண்டையின்மேல் இறங்க வேண்டும் என்பது வட அமெரிக்காவில் வழங்கும் விதி. இந்த முன்பாரம் குறைந்துவிட்டால், பக்கக் காற்றோ விரைந்து முந்தும் பெரிய லொறியோ தள்ளும்போது வண்டி வாலாட்டத் தொடங்கும். ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதிலும் பெரிதாகி, சிலபொழுது காரையும் இழுத்துக்கொண்டு பள்ளத்தில் விழும்.

ஆகவே முன்பாரம் வேண்டும். ஆனால் அது காருக்குச் செய்யும் தீங்கும் உண்டு. ஒரு கணக்கினால் இதனைக் காண்போம். (அந்நாட்டு வண்டி வணிகத்தில் இன்றும் இறாத்தற் கணக்கே பெருவழக்கு, ஓர் இறாத்தல் 450 கிராமுக்குச் சற்று அதிகம்.) வீட்டு வண்டியின் நிறை 5,800 இறாத்தல், முன்பாரம் 700 இறாத்தல் என்க. காரின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 120 அங்குலம். உருண்டை பின்னச்சுக்கு அப்பால் 60 அங்குலம் தள்ளி நிற்கின்றது. பின்னச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்டால் இது வெறும் நெம்புகோற் கணக்கு. 700 இறாத்தல் பின்னே அழுத்த, முன்சில்லுகளிலிருந்து 350 இறாத்தல் கழன்று போகின்றது. அந்த 350உம் சேர்ந்து பின்னச்சின்மேல் 1,050 இறாத்தல் ஏறுகின்றது. காரின் மூக்கு நிமிர்கின்றது. இரவில் முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணிலே அடிக்கின்றது. திருப்புவதும், பிறேக்கின் பெரும் பங்கும் முன்சில்லுகளின் வேலை. அவை நிலத்தை அழுத்திப் பிடியாவிட்டால் மழை நாளில் என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்விடத்திலேதான் பாரம் பங்கிடும் கொளுக்கி உதவிக்கு வருகின்றது. உருண்டையைத் தாங்கும் தலைப்பகுதியிலிருந்து இரு விற்சட்டங்கள் வீட்டு வண்டியின் ஏர்க்காலை ஒட்டிப் பின்னோக்கிச் செல்லும். அவற்றின் நுனிகளைச் சங்கிலியாலோ தாங்கியாலோ மேலே வளைத்து ஏர்க்காலோடு பிணைப்பர். வளைந்த வில் நிமிர முயல்வதால் கொளுக்கித் தலை முறுக்கப்படுகின்றது. ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டியின் கைப்பிடிகளைப் பிடித்துத் தூக்கினால் பாரம் முன்சில்லுக்குப் போகிறதல்லவா? காரைத் தள்ளுவண்டியாகவும் விற்சட்டங்களைக் கைப்பிடிகளாகவும் எண்ணிக்கொண்டால் போதும்.

மேற்சொன்ன கணக்கிலே, வீட்டு வண்டியின் அச்சு உருண்டையிலிருந்து 200 அங்குலம் தள்ளியிருப்பதாகவும், முன்சில்லுகள் இழந்ததிற் பாதியை மீட்கும் அளவுக்கு வில்லை இறுக்குவதாகவும் கொள்வோம். முன்னச்சின் இழப்பு 350இலிருந்து 175 ஆகும். பின்னச்சின் மேலதிகச் சுமை 1,050இலிருந்து ஏறக்குறைய 795க்கு இறங்கும். வீட்டு வண்டியின் சொந்தச் சில்லுகள் 80 இறாத்தலை ஏற்றுக்கொள்ளும். மூன்றையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள். அதே 700தான் வரும். ஓர் இறாத்தல்கூட மறைந்து போகவில்லை. மாணவர்கள் இக்கணக்கைத் தாமே ஒருமுறை செய்து பார்ப்பது நன்று.

ஆனால் கடைக்காரர் சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறதே, அது எது? கொளுக்கியைச் செருகுவதற்குக் காரின் அடியில் சதுரக் குழாய் ஒன்று உண்டு. அதில் ஒட்டியுள்ள சீட்டிலே பெரும்பாலும் இரு அளவுகள் காணப்படும். சாதாரண உருண்டையாயின் 5,000 இறாத்தல் வண்டி, 500 இறாத்தல் முன்பாரம். பாரம் பங்கிடும் கொளுக்கியாயின் 10,000, 1,000 என்பது போல. குழாயைப் பொறுத்தவரை கொளுக்கி வரம்பை உயர்த்துகின்றது. காரின் ஏனைய வரம்புகளுள் எதையும் அது உயர்த்துவதில்லை. சில கார்களின் கைநூல்கள் இத்தகைய கொளுக்கியைப் பூட்டவே கூடாது என்றும் விலக்குகின்றன. ஆதலின் முதலில் வாங்க வேண்டிய இடம் கடையன்று, முதலில் விரிக்க வேண்டியது அக்கைநூல்.

சாரதியின் கதவோரத்தில் வேறொரு சீட்டு இருக்கும். ஆட்களும் பொருள்களும் சேர்ந்து இத்தனை இறாத்தலுக்கு மேற்படலாகாது என்று அது சொல்லும். விளம்பரங்களோ இழுக்கக்கூடிய நிறையையே பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. கதவோரச் சீட்டைப் பற்றி மூச்சு விடுவதில்லை. 7,500 இறாத்தல் இழுக்கும் என்று சொல்லப்படும் காரின் சீட்டில் 1,400 என்று இருப்பதாகக் கொள்வோம். முன்பாரம் 700. குடும்பத்தினர் ஐவரும் 650. கொளுக்கி 80 இறாத்தலைப் பின்தள்ளுகின்றது. ஆயின் கொளுக்கியின் சொந்த நிறை 90 இறாத்தல் வந்து அந்த இலாபத்தை விழுங்கிவிடுகின்றது. ஆக 1,360. பயணப் பெட்டிகளும் பிள்ளைகளின் சைக்கிள்களும் மிஞ்சிய 40 இறாத்தலுக்குள் அடங்க வேண்டும்! இந்நிலையில் எத்தனை உயர்ந்த கொளுக்கி வாங்கினும் பயனில்லை. சிறிய வீட்டு வண்டியோ பெரிய காரோதான் வழி. எம் நண்பருக்கு இது கசப்பாக இருக்கலாம். கசப்பானதை வாங்குமுன் கேட்பது, மலைச்சரிவிலே அறிந்துகொள்வதிலும் மேல்.

முன்பாரத்தை விற்பனைப் பத்திரத்திலிருந்து எடுப்பதும் தவறு. அதிலுள்ளது வெற்று வண்டியின் நிறை. ஏர்க்காலின்மேல் வைக்கும் எரிவாயுச் சிலிண்டர்களும் மின்கலமும் பலவேளை அதில் அடங்குவதில்லை. 40 அமெரிக்கக் கலன் நீர் மட்டுமே 330 இறாத்தலுக்கு மேல். 1954இல் வெளிவந்த 'த லோங், லோங் ட்ரெயிலர்' என்ற அமெரிக்க நகைச்சுவைப் படத்திலே புதுமணப் பெண் போகுமிடமெல்லாம் கற்களைப் பொறுக்கி வண்டிக்குள் சேர்ப்பாள். எறிந்துவிடு என்று கணவன் சொன்ன பின்னரும் ஒளித்து வைப்பாள். மலையேறும்போது அவை உருண்டு துன்பம் விளைக்கும். சிரித்துவிட்டுப் போகலாம். ஆயினும் வீட்டு வண்டிக்காரர் எல்லாரும் ஏதோ ஒரு கல்லைப் பொறுக்குகிறவர்களே.

ஆதலால் பயணத்துக்கு ஏற்றுவது போலவே அனைத்தையும் ஏற்றிக்கொண்டு நிறுவை மேடைக்குப் போக வேண்டும். லொறிகள் தங்கும் நிலையங்களில் அச்சுதோறும் நிறுத்துச் சீட்டுத் தரும் மேடைகள் அங்கே எளிதிற் கிடைக்கின்றன. காரை மட்டும் ஒருமுறை நிறுத்து, வண்டியைக் கொளுவி விற்சட்டம் இறுக்காமல் ஒருமுறை நிறுத்தால் முன்பாரம் தெரிந்துவிடும். கொளுக்கி வாங்கியபின் வில்லை இறுக்கி மூன்றாம் முறை நிறுத்தால் பாரம் எங்கே போயிற்று என்பது தெரியும். முன்சில்லுகள் இழந்ததில் எவ்வளவை மீட்க வேண்டும் என்பதைக் காரின் கைநூல் சொல்லும். பாதி என்று சொல்வனவும் உண்டு. நிறுவை கிட்டாதபோது முன்சில்லின் மேலுள்ள மட்காட்டின் உயரத்தை அளந்தும் பார்க்கலாம். கார் கண்ணுக்கு மட்டமாகத் தெரிகிறதா என்று பார்ப்பது போதாது. பின்வில்லுக்குக் காற்றுப்பை வைத்தாலும் கார் மட்டமாய்த் தெரியும். முன்சில்லுகளுக்கோ ஓர் இறாத்தலும் திரும்பியிராது.

விற்சட்டங்கள் 600, 1,000, 1,200, 1,400 இறாத்தல் என்பன போன்ற வலுக்களில் விற்கப்படுகின்றன. காரின் பின்னச்சுக்கு அப்பால் ஏற்றிய பொருள்களையும் முன்பாரத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். 700உம் 100உம் 800 ஆயின் 1,000 இறாத்தல் வில் பொருந்தும். எதற்கும் வலியது நல்லதென்று 1,400ஐ வாங்குவோர் பலர். மிகை வலிய வில் வளைந்து கொடாது. குழியில் விழும்போதெல்லாம் ஏர்க்காலின் சட்டத்தை உலுக்கும். உருண்டையின் அளவையும் கவனித்தல் வேண்டும். 2 அங்குலம், 2 5/16 அங்குலம் என இரண்டும் வழக்கிலுள்ளன. ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்தாது.

வகைகளைப் பற்றிச் சிறிது. சங்கிலியில் தொங்கும் எளிய வகை விலை குறைந்தது; வாலாட்டத்தைத் தடுக்க அதற்குத் தனியே உராய்வுச் சட்டம் பூட்ட வேண்டும். வழுக்கும் வீதியில் அச்சட்டத்தைத் தளர்த்துமாறு செய்தவரே அறிவுறுத்துவதுண்டு. 'ஈக்குவலைசர்' போன்ற வகையில் விற்சட்டங்கள் தாங்கிகளின்மேல் உராய்ந்து நகர்வதால் அத்தடுப்பு உடனமைந்தது. நடுத்தரக் குடும்பத்துக்கு இதுவே போதுமென்பது எமது எண்ணம். ஜிம் ஹென்ஸ்லி என்பவர் வகுத்த அமைப்பு வேறு. பல இணைப்புக் கம்பிகளால் வண்டி திரும்பும் புள்ளியைப் பின்னச்சை நோக்கி நகர்த்திவிடுவதால், வாலாட்டம் தொடங்கவே இடமில்லாமற் செய்ய முயல்கின்றது. விலை பல மடங்கு. ஆனால் பின்பாரம் மிஞ்ச ஏற்றிய வண்டியை எந்தக் கொளுக்கியாலும் திருத்த முடியாது. பிரித்தானியாவில் வீட்டு வண்டிகள் இலேசானவை. முன்பாரம் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்களவிலே வைப்பதால் அங்கே விற்சட்டத்தைக் காண்பது அரிது, உராய்வுத் தடுப்பே வழக்கம். அங்குள்ள உறவினரின் ஆலோசனையைக் கனடாவில் அப்படியே பின்பற்றலாகாது.

வாலாட்டம் வந்தேவிட்டால் காரின் பிறேக்கைப் பலமாக மிதிப்பதும், ஸ்ரியரிங்கை எதிர்த்துத் திருப்புவதும் ஆபத்து. வேக மிதியிலிருந்து காலை எடுத்து, வீட்டு வண்டியின் பிறேக்கை மட்டும் கையால் இயக்கினால் பின்னே இழுபட்டு நேராகும்.

இன்னொன்று, திரும்பும் பயணம். போகும்போது முன்தொட்டியில் இருந்த நன்னீர் வரும்போது கழிவுநீராகிப் பின்தொட்டியில் இருக்கக்கூடும். தொட்டிகள் எங்கே அமைந்துள்ளன என்பதை வாங்கும்போதே குனிந்து பார்த்துக்கொண்டு, முகாமை விட்டுப் புறப்படுமுன் கழிவுநீரை உரிய இடத்தில் வெளியேற்றிவிட வேண்டும். அல்லாவிடில் நிறுத்துப் பெற்ற சீட்டு போகும் வழிக்கு மட்டுமே செல்லும்.