கைத்தொலைபேசியும் புற்றுநோய் அச்சமும்

புதுமைப் பொருள் ஒன்று மக்கள் வாழ்வில் புகும்போது, அதனுடன் ஓர் அச்சமும் புகுவது உலக இயல்பு. கைத்தொலைபேசிக்கும் அது நேர்ந்தது. 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் மார்ட்டின் கூப்பர் என்னும் பொறியியலறிஞர் நியூயார்க் நகரத் தெருவில் நின்று முதற் கைத்தொலைபேசியிற் பேசினார். பத்தாண்டு கழித்து அக்கருவி கடைக்கு வந்தது. மேலும் பத்தாண்டு கழிந்து, 1993இல், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தார் ஒருவர், தம் மனைவி மூளைக் கட்டியால் இறந்ததற்கு அக்கருவியே காரணம் என்று தொலைக்காட்சியில் முறையிட்டார். சான்று போதாமையால் அவர் தொடுத்த வழக்கு 1995இல் தள்ளுபடியாயிற்று. ஆயினும் வழக்கு மன்றத்தில் முடிந்த வினா மக்கள் மன்றத்தில் முடியவில்லை.

அலையின் தன்மை

கைத்தொலைபேசி வெளியிடுவது வானொலி அலை. இதுவும் கதிர்வீச்சின் ஒரு வகையே. ஆனால் 'கதிர்வீச்சு' என்ற சொல்லைக் கேட்டதும் அணுகுண்டையும் எக்ஸ் கதிரையும் நினைப்பது பொருந்தாது. எக்ஸ் கதிர் அணுவிலிருந்து மின்னணுவைப் பிரித்தெடுத்து, உயிரணுவின் மரபுப் பொருளைச் சிதைக்கவல்லது. வானொலி அலையின் ஆற்றல் துகளுக்கு அத்தகைய வலிமை இல்லை. மின்னணுவைப் பிரிப்பதற்கு வேண்டும் ஆற்றலில் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே அதனிடம் உண்டு. உடலில் அது செய்வதாக ஐயமற நிறுவப்பட்டுள்ள விளைவு, திசுவைச் சிறிது சூடாக்குவது ஒன்றே. அச்சூடு தீங்கு செய்யும் அளவை எட்டாதவாறு அனைத்துலக வரம்புகள் வகுக்கப்பட்டுள்ளன. எனினும், சூட்டினால் அன்றி வேறு வழியாலும் தீங்கு நேருமோ என்னும் வினா எஞ்சி நின்றது. ஆராய்ச்சி வேண்டியிருந்தது அதற்கே.

ஒரு வினைச்சொல்லின் கதை

பதின்மூன்று நாடுகள் கூடி நடத்திய 'இன்டர்ஃபோன்' ஆய்வின் முடிவு 2010இல் வெளியாயிற்று. மொத்தத்தில் நோய் மிகுந்ததாகத் தெரியவில்லை. ஆனால் மிகுதியாகப் பேசிய பத்தில் ஒரு பங்கினரிடம் மட்டும், கிளியோமா என்னும் மூளைக் கட்டி நூற்றுக்கு நாற்பது வீதம் மிகுந்து காணப்பட்டது. அவ்வாய்வு, நோயுற்றோரையும் நலமுடையோரையும் அழைத்து, கடந்த ஆண்டுகளில் எவ்வளவு பேசினீர்கள் என்று கேட்டறிந்தது. நோயுற்றவர் காரணம் தேடித் தம் நினைவைத் துருவுவது இயல்பு. சிலர் நம்பவியலாத அளவு நீண்ட நேரம் பேசியதாகக் கூறியிருந்தனர். ஆதலின் அக்கணக்கை அப்படியே கொள்ள முடியாது என்று ஆய்வாளரே எச்சரித்தனர்.

1‌‌4 நாடுகளைச் சேர்ந்த 31 அறிஞர் 2011 மே மாதம் பிரான்சின் லியோன் நகரில், உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்திற் கூடினர். வானொலி அலை புற்றுநோயை 'உண்டாக்கக்கூடும்' என்னும் வகையில் அதனை வைத்தனர். 'உண்டாக்கும்' என்று அவர்கள் கூறவில்லை. சான்று சிறிது உண்டு, அது போதாது, வேறு காரணத்தை விலக்கவும் இயலவில்லை என்பதே அவ்வகையின் பொருள். ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறியும் அதே வகையில் உள்ளது. செய்தி வாய்வழிப் பரவியபோது, 'கூடும்' என்ற துணைவினை உதிர்ந்து போயிற்று. இலக்கணம் கற்பிப்போர், ஒரு துணைவினையின் மதிப்பை உணர்த்த இதனினும் நல்ல எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை.

இதே நிலையம் பாக்கைப் புற்றுநோய் 'உண்டாக்கும்' பொருள்களின் முதல் வகையில் வைத்துள்ளது. அங்குத் துணைவினைக்கு இடமில்லை. வெற்றிலைத் தட்டைக் கண்டு அஞ்சாதவர் கைத்தொலைபேசியைக் கண்டு அஞ்சுவது விந்தையே.

பின்னர் வந்த சான்றுகள்

அமெரிக்க அரசின் நச்சியல் ஆய்வுத் திட்டம் 2018இல் தன் முடிவை வெளியிட்டது. ஈராண்டுக் காலம், நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம், உடல் முழுவதும் அலைக்கு உட்பட்ட ஆண் எலிகளின் இதயத்தில் கட்டிகள் தோன்றின. பெண் எலிகளிடம் அத்தகைய தெளிவான சான்று இல்லை. அலைக்கு உட்பட்ட ஆண் எலிகள், உட்படாதவற்றைக் காட்டிலும் நீண்ட நாள் வாழ்ந்ததும் வியப்பே. இதனைக் கொண்டு மனிதனைப் பற்றி முடிவு கூறுதல் எளிதன்று.

மனிதரைப் பற்றிய சான்றோ வேறு திசையிற் செல்கிறது. பிரிட்டனில் 7,76,156 பெண்களை ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு, பயன்படுத்தியோர்க்கும் பயன்படுத்தாதோர்க்கும் மூளைக் கட்டியில் வேறுபாடு இல்லை என்று 2022இல் அறிவித்தது. உலகச் சுகாதார நிறுவனம் வேண்டிக்கொண்டபடி 22 நாடுகளின் 63 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர் குழுவும், பத்தாண்டுக்கு மேற் பயன்படுத்தியோரிடத்துங்கூட நோய் மிகவில்லை என்று 2024இல் கூறியது. கோடிக்கணக்கானோர் கையில் கருவி ஏறிய பின்னும் ஸ்காண்டிநேவிய நாடுகளின் நோய்ப் பதிவேடுகளில் அதற்கேற்ற ஏற்றம் காணப்படவில்லை.

கோபுரமும் கருவியும்

மக்களின் எதிர்ப்பு பெரும்பாலும் கோபுரத்தின்மேற் செல்கிறது. 2020இல் பிரிட்டனில், ஐந்தாம் தலைமுறை அலையே கொரோனா நோயைப் பரப்புகிறது என்ற வதந்தியால் பல கோபுரங்கள் தீயிடப்பட்டன. தொலைவு இரு மடங்காயின் அலையின் செறிவு நான்கில் ஒன்றாகும். ஆகவே, தொலைவிலுள்ள கோபுரத்தினும் காதருகே உள்ள கருவியே தலைக்கு மிகுந்த அலையைத் தருகிறது. கோபுரம் எட்டப் போனால், அதனை எட்டுவதற்குக் கருவி தன் வலிமையைக் கூட்டிக்கொள்ளும். கோபுரத்தை விரட்டுவோர் அலையை விரட்டுவதில்லை. தம் காதருகே அழைத்துக்கொள்கின்றனர்.

இன்னும் ஐயமுடையோர்க்கு எளிய வழி உண்டு: செவிக்கருவி கொண்டு பேசலாம், பேச்சைச் சுருக்கலாம். பிரிட்டனில் சர் வில்லியம் ஸ்டூவர்ட் தலைமையிலான குழு 2000ஆம் ஆண்டிலேயே, சிறுவர் தேவையின்றிப் பேசுவதைத் தவிர்க்குமாறு முன்னெச்சரிக்கையாகக் கூறியது. அதனாற் கேடு எதுவும் இல்லை.

ஐயத்திற்கே இடமில்லாத தீங்கு ஒன்றும் இக்கருவியால் உண்டு. வண்டி ஓட்டுங்கால் அதனைக் கையாள்வோர் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மாணவர் இவ்விரண்டையும் தராசின் இரு தட்டில் வைத்துப் பார்க்கக் கற்பாராயின், எதற்கு எவ்வளவு அஞ்சுவது என்பதை அவர்களே அளந்துகொள்வர்.