பொட்டலத்தின் பின்புறம்: உணவு லேபிள் சட்டம் சொல்ல வைப்பதும் சொல்லாமல் விடுவதும்

நாட்பட்ட சிறுநீரக நோய்க்காக எங்களிடம் சிகிச்சை பெற்றுவரும் ஐம்பத்தெட்டு வயதுடைய ஒருவர், சில மாதங்களுக்கு முன்பு கடுமையான தசைத் தளர்ச்சியுடன் அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார். அவரது இரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவு லிட்டருக்கு 6.8 மில்லிமோல் இருந்தது. இயல்பான அளவு ஏறத்தாழ 3.5 முதல் 5.0 வரை, அவருக்கு இருந்த அளவு இதயத் துடிப்பையே நிறுத்திவிடக் கூடியது. இளநீரையும் வாழைப்பழத்தையும் அவர் பல மாதங்களாகத் தொடுவதில்லை என்று அவருடைய மனைவி உறுதியாகச் சொன்னார். விசாரித்தபோது ஒரே ஒரு மாற்றம் தெரியவந்தது: மூன்று வாரங்களுக்கு முன்பு வீட்டு உப்பை மாற்றியிருந்தார்கள். உப்பைக் குறைக்குமாறு நாங்கள் சொன்னதை மனத்தில் கொண்டு, முகப்பில் ‘சோடியம் குறைவு’ என அச்சிடப்பட்ட உப்பை அந்த அம்மையார் கூடுதல் விலை கொடுத்து வாங்கியிருந்தார். (அடையாளம் வெளிப்படாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளோம்.)

இத்தகைய உப்பில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதியைக் குறைத்து, அவ்விடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது. சிறுநீரகம் நலமாக உள்ளவர்கள் மிகுதியான பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றிவிடுவார்கள். சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு அது இரத்தத்தில் தேங்கும். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் சோடியம் குறைந்த மாற்று உப்புகளைப் பரிந்துரைத்தபோதும், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களை அப்பரிந்துரையிலிருந்து வெளிப்படையாக விலக்கியே வைத்தது.

அந்த உறையில் பொய் எதுவும் இல்லை. பின்புறத்தில் உட்பொருள் பட்டியலில் பொட்டாசியம் குளோரைடு என்ற பெயர் சிறிய எழுத்தில் இருந்தது. ஆயினும் ஊட்டச்சத்து அட்டவணையில் அதன் அளவு இல்லை. ஏன் இல்லை என்பதை அறிய, ஓர் உணவுப் பொருளின் லேபிளை எந்தச் சட்டம் ஆள்கிறது, அது எவற்றைக் கேட்கிறது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்தப் பொருளுக்கு எந்தச் சட்டம்?

நம் நாட்டில் உறையிட்டு விற்கப்படும் உணவுகள் அனைத்தும் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அச்சட்டத்தின் அடிப்படையில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் ஆணையம் 2020-இல் வெளியிட்ட விதிமுறைகளே லேபிளில் இடம்பெற வேண்டியவற்றை வகுக்கின்றன. உறையின் மீதுள்ள 14 இலக்க உரிம எண், அப்பொருள் உணவாக உரிமம் பெற்றது என்பதற்கான அடையாளம். நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, நுகர்வோர் தொடர்பு விவரம் ஆகியவற்றை, எடையளவுச் சட்டத்தின் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளும் கேட்கின்றன.

புரதப் பொடி, சத்து மாத்திரை போன்ற கூடுதல் ஊட்டப் பொருள்களும் சட்டப்படி உணவுகளே, மருந்துகள் அல்ல. ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று’ என்ற அறிவிப்பு அவற்றின் லேபிளில் இருக்க வேண்டும். நோயாளிகளுக்கெனத் தயாரிக்கப்படும் சிறப்பு மருத்துவ உணவுகளில், மருத்துவ ஆலோசனையின் பேரில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற அறிவிப்பு இருக்கும். இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கலாம். ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது.

மருந்துகளும், உரிமம் பெற்ற சித்த, ஆயுர்வேத மருந்துகளும் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தைச் சேர்ந்தவை. உணவுகளுக்குரிய ஊட்டச்சத்து அட்டவணை அவற்றுக்குக் கட்டாயமில்லை. எனவே ஒரு லேகியத்தில் எவ்வளவு வெல்லம் அல்லது சர்க்கரை சேர்ந்துள்ளது என்பதை அதன் லேபிளிலிருந்து அறிய முடியாமற் போகலாம். நீரிழிவு உள்ளவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இவ்வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓ.ஆர்.எஸ். ஒரு நல்ல சான்று. வயிற்றுப்போக்கின்போது தரப்படும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் குளுக்கோஸும் உப்புகளும் குறிப்பிட்ட விகிதத்தில் உள்ளன. ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம். அது மருந்து. அதே மூன்றெழுத்துகளைப் பெயரில் தாங்கிய இனிப்புப் பானங்கள் உணவு உரிமத்துடன் மருந்துக் கடைகளிலேயே விற்கப்பட்டன. வயிற்றுப்போக்குள்ள குழந்தைக்குச் சர்க்கரை மிகுந்த பானம் தந்தால் நீரிழப்பு மேலும் கடுமையாகலாம். உணவுப் பொருள்களின் பெயரில் அவ்வெழுத்துகளைப் பயன்படுத்துவதற்கு 2025 அக்டோபரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தடை விதித்தது.

சட்டம் கேட்கும் விவரங்கள்

உணவின் உறையில் உட்பொருள்கள் எடையின் இறங்கு வரிசையில் எழுதப்பட வேண்டும். முதலில் இருப்பதே மிகுதியாகச் சேர்ந்த பொருள். ‘கேழ்வரகு பிஸ்கட்’ என்று முகப்பில் இருந்து, பட்டியலின் முதல் இரு இடங்களில் மைதாவும் சர்க்கரையும் இருந்தால், அது பெரும்பாலும் மைதா பிஸ்கட்டே.

ஊட்டச்சத்து அட்டவணையில் ஆற்றல், புரதம், மாவுச்சத்து, மொத்தச் சர்க்கரை, சேர்க்கப்பட்ட சர்க்கரை, மொத்தக் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, கொலஸ்ட்ரால், சோடியம் ஆகியவை இருக்க வேண்டும். ஒருமுறை உண்ணும் அளவு, ஒருநாள் தேவையில் எத்தனை விழுக்காடு என்பதும் காட்டப்படும்.

அந்த விழுக்காட்டை நோயாளிகள் அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. 2,000 கிலோகலோரி உண்ணும் சராசரி வயதுவந்தோருக்கு ஒரு நாளைக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை 50 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம், சோடியம் 2,000 மில்லிகிராம் என்ற கணக்கில் அது தரப்படுகிறது. உங்களுக்கு உணவியல் வல்லுநர் வகுத்துத் தந்த அளவு வேறாக இருக்கலாம். ‘ஒருமுறை உண்ணும் அளவு’ என்பதும் நாம் உண்மையில் உண்ணும் அளவாக இருப்பதில்லை. எடுத்துக்காட்டாக, 100 கிராமுக்கு 1,200 மில்லிகிராம் சோடியம் உள்ள ஒரு நொறுக்குத்தீனியில், 30 கிராம் பங்குக்கு 360 மில்லிகிராம், அதாவது 18 விழுக்காடு என்று அச்சிடப்பட்டிருக்கும். 75 கிராம் பொட்டலம் முழுவதையும் உண்டவருக்கு 900 மில்லிகிராம் சேர்ந்துவிடும். அது ஒரு நாள் அளவில் ஏறத்தாழப் பாதி.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இவ்விதிகள் பெரிதும் துணை நிற்கின்றன. குளுட்டன் உள்ள தானியங்கள், இறால், நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலை மற்றும் கொட்டைப் பருப்புகள், சோயா ஆகியவையும், கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள சல்ஃபைட்டும் தனியாக அறிவிக்கப்பட வேண்டும். பச்சை வட்டம் சைவ உணவையும், பழுப்பு முக்கோணம் அசைவ உணவையும் குறிக்கும். பச்சை வட்டம் இருப்பதால் பால் இல்லை என்று கொள்ளலாகாது.

சட்டம் கேளாமல் விடுபவை

பொட்டாசியம், பாஸ்பரஸ் ஆகிய இரண்டின் அளவும் அட்டவணையில் பொதுவாகக் கட்டாயமில்லை. சிறுநீரக நோயாளிகளை மிகுதியும் பாதிப்பவை இவையே. எனவே அவர்கள் அட்டவணையோடு நிறுத்தாமல் உட்பொருள் பட்டியலையும் படிக்க வேண்டும். அங்கே சேர்மானப் பொருள்கள் சில வேளைகளில் எண்களாக மட்டும் இருக்கும். 508 என்பது பொட்டாசியம் குளோரைடு. 338 முதல் 341 வரையிலும், 450, 451, 452 ஆகியவையும் பாஸ்பாரிக் அமிலமும் பாஸ்பேட் உப்புகளும் ஆகும். கறுப்பு நிறக் கோலா பானங்கள், பதப்படுத்திய பாலாடைக்கட்டி, சிலவகை உடனடி நூடுல்ஸ் ஆகியவற்றில் இவற்றைக் காணலாம். பருப்பிலும் தானியத்திலும் இயற்கையாக உள்ள பாஸ்பரஸில் ஒரு பகுதியே உடலில் சேரும். இவ்வாறு சேர்க்கப்படும் பாஸ்பேட்டோ பெரும்பகுதி உட்கிரகிக்கப்படும்.

100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத பரப்புள்ள சிறு உறைகளில் உட்பொருள் பட்டியலும் அட்டவணையும் இல்லாதிருக்கலாம். அவை மொத்த உறையில் இருந்தால் போதும். கடையில் சில்லறையாக நிறுத்துத் தரும் அப்பளம், வடகம், கருவாடு, ஊறுகாய் ஆகியவற்றில் லேபிளே இராது. ஆனால் இவற்றில்தான் சோடியம் மிகுதி.

மொழியும் ஒரு தடை. ஆங்கிலம் அல்லது இந்தி இருந்தால் சட்டத்துக்குப் போதும், தமிழ் கட்டாயமில்லை. ஆங்கிலம் படிக்க இயலாத முதியவர் தாமே கடைக்குச் செல்லும் இல்லங்களில், தவிர்க்க வேண்டிய பெயர்களையும் எண்களையும் ஒரு தாளில் எழுதி அவரது பையில் வைத்துவிடுவது நல்லது.

முகப்பில் உள்ள சொற்கள்

முகப்புச் சொற்களுக்கும் 2018-ஆம் ஆண்டின் விதிகளில் அளவுகள் உண்டு. ‘சுகர் ஃப்ரீ’ என்றால் 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமுக்கு மேற்படலாகாது. மாவுச்சத்து இல்லை என்பது அதன் பொருளன்று. மைதாவில் செய்த ‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கட்டும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். ‘டிரான்ஸ் ஃபேட் ஃப்ரீ’ என்றால் 100 கிராமில் டிரான்ஸ் கொழுப்பு 0.2 கிராமுக்கும் குறைவு என்பது பொருள். நிறைவுற்ற கொழுப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஒரு நோயைக் குணமாக்கும் என்று எந்த உணவும் உரிமை கொண்டாடச் சட்டம் இடந்தருவதில்லை. தவறான லேபிளுக்கு மூன்று இலட்சம் ரூபாய் வரையிலும், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஐயமிருப்பின் உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ முறையிடலாம்.

நீங்கள் செய்யத்தக்கவை

முதலில் 14 இலக்க எண்ணைப் பார்த்து, அது உணவா மருந்தா என்று தெளியுங்கள். அடுத்து உட்பொருள் பட்டியல். அதன் பின் 100 கிராமுக்குரிய அட்டவணை. முகப்பைக் கடைசியில் படியுங்கள்.

சிறுநீரக நோய் உள்ளவர்களும், எனலாபிரில், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்களும் எங்களைக் கேளாமல் மாற்று உப்பைப் பயன்படுத்த வேண்டாம். ஏற்கெனவே பயன்படுத்திவந்தால் அதை நிறுத்திவிட்டு, விரைவில் பொட்டாசியம் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தசைத் தளர்ச்சியோ படபடப்போ இருந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். மருந்துகளைத் தாமாக நிறுத்தலாகாது.

அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது, மருந்துச் சீட்டுடன் வீட்டில் உள்ள உப்பு, பொடி, ஊட்டப் பானம் ஆகியவற்றின் உறைகளையோ, அவற்றின் பின்புறத்தைக் கைபேசியில் எடுத்த படங்களையோ கொண்டு வாருங்கள். முன்னர்ச் சொன்ன நோயாளி அவசர டயாலிசிஸுக்குப் பின் நலமடைந்து வீடு திரும்பினார். உப்பைக் குறைக்குமாறு சொன்ன நாங்கள், எந்த உப்பை வாங்கலாகாது என்றும் அன்றே சொல்லியிருக்க வேண்டும். இப்போது எங்கள் பிரிவில் ஒவ்வொரு நோயாளியிடமும் சமையலறை உப்பின் உறையைப் பற்றிக் கேட்கிறோம்.