காசு கொடுத்த பெட்டியும் கடன் வாங்கிய கார்டும்

கோவை வாசகர் ஒருவர் படத்தோடு கடிதம் அனுப்பியிருக்கிறார். அமெரிக்காவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய அவருடைய தம்பி, வீட்டுச் சாமான்களோடு ஒரு வெள்ளி நிறப் பெட்டியையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். முகப்பில் ஹியூஸ் என்ற பெயர், பக்கத்தில் டைவோ சின்னம், கூடவே நிலக்கடலை வடிவத்தில் ஒரு ரிமோட். "கடையில் முழுக் காசு கொடுத்து வாங்கியது சார். ரசீதுகூடப் பத்திரமாக இருக்கிறது. இங்கே ஓடவைக்க வழி உண்டா?" என்று கேட்கிறார்.

வழி இல்லை. முதல் காரணம் வானத்தில் இருக்கிறது. அந்தப் பெட்டி தேடுவது அமெரிக்க டிடிஎச் நிறுவனமான டைரக்டிவியின் செயற்கைக்கோள்களை. அவற்றில் முக்கியமானவை நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கு 101 பாகை தீர்க்கரேகையில் நிற்கின்றன. கோவை இருப்பது கிழக்கு 77 பாகையில். கூட்டிப் பாருங்கள், 178 வரும். அதாவது அந்தச் செயற்கைக்கோள்கள் கிட்டத்தட்ட நம் காலுக்குக் கீழே, பூமியின் மறுபக்கத்தில் இருக்கின்றன. மொட்டை மாடியில் எவ்வளவு பெரிய டிஷ் வைத்தாலும் எட்டாது.

ஆனால் தம்பி அமெரிக்காவிலேயே தங்கியிருந்தாலும் அந்த ரசீது மட்டும் போதாது. வாசகரின் கேள்வியைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் பட்டது. காசு கொடுத்து வாங்கிய ஒரு கருவி, விற்றவரல்லாத இன்னொருவர் சம்மதிக்கும் வரை வெறும் தகரப் பெட்டியாகக் கிடக்கிறது. அந்தச் சம்மதத்தோடு சேர்ந்து ஓர் ஒப்பந்தமும் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது.

முதலில் பெட்டியைப் பார்ப்போம். நிகழ்ச்சியை ஹார்டு டிஸ்க்கில் பதிந்து வைத்து வேண்டியபோது பார்ப்பதை இன்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மைக் ராம்சே, ஜிம் பார்ட்டன் என்ற இருவர் தொடங்கிய டைவோ நிறுவனம் தன் முதல் பெட்டியை 1999 மார்ச் கடைசியில் அனுப்பியது. அந்தப் பெட்டி கேபிளிலோ ஆன்டெனாவிலோ வரும் படத்தை வாங்கித் தானே எண்களாக மாற்றிச் சுருக்கிப் பதிந்தது. அப்படிச் சுருக்கும்போது படம் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். அடுத்த ஆண்டே டைரக்டிவி ரிசீவரையும் டைவோவையும் ஒரே பெட்டிக்குள் வைத்து விற்றார்கள். வாசகரிடம் இருப்பது அந்த வம்சம். இதில் மறுபடி சுருக்கும் வேலையே கிடையாது. செயற்கைக்கோளிலிருந்து எந்த எண்கள் வந்தனவோ அவையே அப்படியே டிஸ்க்கில் போய் உட்காரும். அதனால் நேரலையில் பார்த்தாலும் பதிந்து பார்த்தாலும் படத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. செய்யாமல் விட்ட ஒரு வேலையால் மேலாகிப்போன இயந்திரம் இது. அந்தக் காலத்துப் பொறியியல் சாதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் ஒன்று.

இனி கார்டு. பெட்டியின் துளைக்குள் செருகும், ஏடிஎம் கார்டு அளவுள்ள பிளாஸ்டிக் அட்டை. நம் ஊர் டிடிஎச் பெட்டிகளில் வியூயிங் கார்டு பார்த்தவர்களுக்குத் தெரியும். டைரக்டிவியின் எல்லாச் சானல்களும் பூட்டப்பட்டே வானத்திலிருந்து இறங்குகின்றன. பூட்டைத் திறக்கும் கணக்கைப் போடுவது அந்தக் கார்டில் உள்ள சில்லு. பெட்டியை யார் வாங்கியிருந்தாலும் கார்டு நிறுவனத்தின் சொத்து என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும்.

கடையிலிருந்து கொண்டுவந்த பெட்டியை டிஷ்ஷோடு இணைத்த பின் நிறுவனத்துக்குப் போன் செய்ய வேண்டும். ரிசீவரின் எண், கார்டின் எண் இரண்டையும் படித்துச் சொல்ல வேண்டும். பெட்டியை ஏதாவது ஒரு சானலில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் சில நிமிடங்களில் படம் வந்துவிடும். இதற்குப் பெயர் ஆக்டிவேஷன். அந்தச் சில நிமிடங்களுக்குள் நடப்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. செயற்கைக்கோளுக்கு உங்கள் வீடு எது என்று தெரியாது. அது ஒரே கற்றையை நாடு முழுவதற்கும் பொழிகிறது. ஆகவே உங்கள் ஒரு வீட்டுக்கான அனுமதியும் எல்லார் வீட்டுக் கூரைமீதும்தான் இறங்குகிறது. "இந்த எண்ணுள்ள கார்டே, இன்னின்ன சானலைத் திற" என்ற செய்தி புளோரிடாவிலும் டெக்சாஸிலும் உள்ள ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஓடுகிறது. மற்றக் கார்டுகள் தங்களுக்கு இல்லை என்று தள்ளிவிடுகின்றன. ஒரே ஒரு கார்டு மட்டும் அதை எடுத்துத் தன் நினைவகத்தில் எழுதிக்கொள்கிறது. அதோடு அந்தக் கார்டும் அந்தப் பெட்டியும் ஜோடியாகிவிடுகின்றன. பிறகு கார்டை உருவி வேறு பெட்டியில் போட்டால் அது வேலை செய்யாது.

வானத்திலிருந்து எழுத முடியுமென்றால் வானத்திலிருந்து அழிக்கவும் முடியும். 2001 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. அமெரிக்கக் கால்பந்தின் உச்சமான சூப்பர் பௌல் போட்டிக்குச் சரியாக ஒரு வாரம் இருந்தது. அப்போது புழக்கத்தில் இருந்த எச் கார்டு என்ற தலைமுறையைத் திருடர்கள் உடைத்து, சந்தா கட்டாமல் எல்லாச் சானலும் பார்க்கும்படி மாற்றி எழுதி விற்றுக்கொண்டிருந்தார்கள். நிறுவனம் அதற்கு முன்பே வழக்கமான புதுப்பிப்புகளோடு சின்னச் சின்னத் துண்டுகளாக எதையோ அனுப்பிவந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கும் உதவாத துண்டுகள். அவற்றை வாங்காவிட்டால் படம் நின்றுவிடும் என்பதால் திருட்டுக் கார்டுகளும் வாங்கிச் சேர்த்துக்கொண்டன. துண்டுகள் எல்லாம் கூடி ஒரு நிரலாக முழுமை பெற்ற பிறகு, அந்த ஞாயிறு மாலை கடைசிக் கட்டளை இறங்கியது. மாற்றி எழுதப்பட்ட கார்டுகள் மீளவே முடியாதபடி கூட்டம் கூட்டமாகச் செத்தன. செத்த கார்டின் நினைவகத்தைப் படித்துப் பார்த்தவர்கள், அதன் தொடக்கத்தில் 'கேம் ஓவர்' என்ற எழுத்துகள் இருந்ததாகச் சொன்னார்கள். ஒழுங்காகச் சந்தா கட்டியவர்களின் பெட்டிகள் எதுவும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தன.

திருடர்களுக்காக எனக்கு வருத்தமில்லை. ஆனால் கூடத்தில் இருக்கும் ஒரு கருவியை அதன் சொந்தக்காரர் அறியாமல் தொலைவிலிருந்து மாற்றவும் முடக்கவும் முடியும் என்பதை அந்த மாலை உலகத்துக்குக் காட்டிவிட்டது. நேர்மையாக வாங்கியவரின் பெட்டிக்கும் இதே வழியில்தான் உயிர் வருகிறது. அப்படியானால் 'வாங்கினேன்' என்பதற்கு என்ன பொருள்?

முதலில் அந்தச் சொல் ஓரளவு உண்மையாகத்தான் இருந்தது. டைரக்டிவி 1994-இல் தொடங்கியபோது 18 அங்குல டிஷ்ஷும் ஆர்சிஏ ரிசீவரும் சேர்ந்து 699 டாலர். கடையில் வாங்கி, பிடித்தால் சந்தா கட்டலாம். சோனி, பிலிப்ஸ், ஹியூஸ் என்று பல நிறுவனங்கள் பெட்டி செய்தன. 2006 மார்ச் 1 முதல் நிலைமை மாறியது. கடையில் அதே அலமாரி, அதே அட்டைப்பெட்டி, அதே பில். ஆனால் அன்றிலிருந்து புதுப் பெட்டி விற்பனை இல்லை, குத்தகை. கட்டிய பணம் பெட்டியின் விலையல்ல, குத்தகைக்கான முன்கட்டணம். சேவையை விட்டால் பெட்டியைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. பதிவுப் பெட்டி என்றால், ஆக்டிவேட் செய்த நாளிலிருந்து 24 மாதங்கள் சந்தா தொடர வேண்டியிருந்தது. நடுவில் விட்டால் மீதியுள்ள மாதங்களுக்கு ஏற்ப அபராதம், பின்னாளில் அது 480 டாலர் வரை போனது.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மாற்றல் வரும்போதெல்லாம் காஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, ரசீதைக் காட்டி டெபாசிட்டைத் திரும்ப வாங்கிவருவார். அடுப்பு எங்களுடையது, சிலிண்டர் கம்பெனியுடையது என்பது சிறுவனான எனக்கே தெரியும். ஏனென்றால் கொடுத்த பணத்துக்கு டெபாசிட் என்றே பெயர், பெயருக்கேற்ப அது திரும்பியும் வந்தது. அமெரிக்கக் கடையில் கட்டிய அந்தப் பணம் திரும்பி வராது. பெட்டியும் தங்காது. இதை எந்தப் பெயரில் அழைத்தாலும், பில் போடும் இடத்தில் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

இந்த மாற்றத்தால் அதிகம் தடுமாறியவர்கள் தாங்களே பெட்டியைத் தேடிப் பிடித்து வாங்கியவர்கள்தான். 2006 மார்ச்சுக்கு முன் விற்கப்பட்ட பெட்டியை அக்கம்பக்கத்தாரிடமோ ஏலத்திலோ வாங்கினால் அது சொந்தப் பெட்டி. அதை ஆக்டிவேட் செய்வதால் புதுக் கட்டுப்பாடு வரக் கூடாது. அதற்குப் பின் வந்த பெட்டியென்றால் விற்றவருக்கே அதை விற்கும் உரிமை இல்லாமல் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எது சொந்தம், எது குத்தகை என்பது நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கிறது. ஆகவே பழைய பெட்டி வாங்குபவர் பணம் கொடுப்பதற்கு முன் ரிசீவர் எண்ணைச் சொல்லி நிறுவனத்திடம் விசாரிக்க வேண்டியிருந்தது. ஆக்டிவேட் செய்யும்போது இது சொந்தப் பெட்டி என்று முதலிலேயே சொல்லிப் பதியச் செய்ய வேண்டியிருந்தது.

அரசு இதில் கவனக்குறைவாக இருந்தது என்று நினைக்கிறேன். 1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம், தொலைக்காட்சிப் பெட்டிகள் சேவை நிறுவனத்தின் பிடியில் இல்லாமல் பொதுச் சந்தையில் கிடைக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. அதன்படி 1998-இல் தொலைத்தொடர்பு ஆணையம், பூட்டைத் திறக்கும் பகுதியைப் பெட்டியிலிருந்து தனியே பிரிக்கும்படி கேபிள் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. செயற்கைக்கோள் நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு. அவர்களுடைய பெட்டிகள் ஏற்கெனவே பல நிறுவனங்கள் செய்து கடைகளில் தாராளமாக விற்கின்றனவே என்பதுதான் சொன்ன காரணம். 8 ஆண்டுகளில் அந்தக் காரணம் மறைந்துவிட்டது. விலக்கு மட்டும் நீடித்தது.

வழக்குகள் வந்தன. 2010 டிசம்பரில் 49 மாநிலங்களின் அரசு வழக்கறிஞர்களோடு டைரக்டிவி 1.3 கோடி டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஒப்பந்தக் காலத்தையும் கட்டணங்களையும் தெளிவாகச் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2015-இல் மத்திய வர்த்தக ஆணையமும் விளம்பரங்களைக் குறித்து வழக்குப் போட்டது. 2018-இல் நீதிபதி அதன் பெரும்பகுதியை ஏற்கவில்லை. கலிஃபோர்னியாவில் 2 பெண்கள் இடைநிறுத்த அபராதத்தை எதிர்த்து எல்லா வாடிக்கையாளர்கள் சார்பிலும் 2008-இல் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 டிசம்பரில் 6 நீதிபதிகள் ஒரு பக்கமும் 3 பேர் மறுபக்கமுமாகத் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தத்தில் தனித்தனி நடுவர் விசாரணைக்குச் சம்மதித்திருக்கிறார்கள், ஆகவே கூட்டாக வழக்காட முடியாது என்றார்கள். அபராதம் நியாயமா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவே இல்லை.

நம் நாட்டிலும் ஒரு டிடிஎச் நிறுவனத்தின் பெட்டி இன்னொரு நிறுவனத்துக்கு உதவுவதில்லை. எந்தப் பெட்டியும் எந்த நிறுவனத்துக்கும் பொருந்த வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரை செய்தது.

சொந்தப் பெட்டிகளைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 2004-இல் டைரக்டிவிக்காக எச்ஆர்10-250 என்ற உயர்துல்லியப் பதிவுப் பெட்டி வந்தது. விலை ஏறத்தாழ 1,000 டாலர். குத்தகை இல்லை, முழுச் சொந்தம். அதற்கு எம்பெக்-2 என்ற சுருக்குமுறை மட்டுமே தெரியும். அடுத்த ஆண்டே நிறுவனம் புதிய உயர்துல்லியச் சானல்களை எம்பெக்-4 முறைக்கு மாற்றத் தொடங்கியது. ஒளிபரப்பு முன்னேறுவது நல்லதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புதிய சானல்கள் வேண்டுமென்றால் அந்த 1,000 டாலர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு நிறுவனம் தரும் புதுப் பெட்டிக்கு மாற வேண்டியிருந்தது. 2006 மார்ச்சுக்குப் பிறகு மாறியவர்களுக்குக் கிடைத்தது குத்தகைப் பெட்டி, கூடவே 24 மாதக் கட்டுப்பாடு.